காய்ச்சலும் தீட்டும்

நம் மக்களுக்கு எல்லாக் காய்ச்சலும் ஒரே காய்ச்சல்தான். உடம்பு சுட்டால் முதலில் கஷாயம், பிறகு திருநீறு, அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் குறி கேட்பது, எல்லாம் தீர்ந்த பிறகு ஆஸ்பத்திரி என்கின்ற வரிசையிலேயே அநேக வீடுகளில் காரியம் நடந்து வருகின்றது. சாதாரணக் காய்ச்சல்கள் தாமாகவே போய்விடுகின்றபடியால் இந்த வரிசைக்கு ஒரு கௌரவமும் ஏற்பட்டுவிட்டது. திருநீறு போட்டவர் தம்மால் போயிற்று என்கிறார். மாத்திரை கொடுத்தவர் தம்மால் போயிற்று என்கிறார். ஆனால் இந்த வரிசைக்குக் கட்டுப்பட்டுக் காத்திராத காய்ச்சல்கள் இரண்டு உண்டு. ஒன்று டைபாய்டு என்னும் குடல் காய்ச்சல். மற்றொன்று மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி பற்றுவதால் உண்டாகும் மூளைக் காய்ச்சல்.

முதலில் டைபாய்டை எடுத்துக் கொள்ளுவோம். 1880ம் வருஷத்தில் ஏபெர்த் என்கின்ற ஜெர்மானிய வைத்தியர் இதன் கிருமியைக் கண்டுபிடித்தார். இந்தக் கிருமிக்கு ஆடு, மாடு, கோழி, கொசு ஒன்றும் வேண்டியதில்லை. மனிதனுடைய உடம்பு ஒன்றே அதற்கு வீடு. அது மனிதன் மலத்தோடும், சில சமயம் சிறுநீரோடும் வெளியே வந்து, தண்ணீரிலும் சோற்றிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்த மனிதன் வாய்க்குள் போகின்றது. இதன் அருத்தம் என்ன? டைபாய்டு கண்ட ஒவ்வொருவரும், அவர் எவ்வளவு பெரிய ஆசாரக்காரரானாலும் சரி, மற்றொரு மனிதனுடைய கழிவை ஓர் அணுவளவாவது விழுங்கியிருக்கிறார் என்பதேயாகும். சொல்லுவதற்கு அருவருப்பாகத்தான் இருக்கின்றது. ஆனால் உண்மை அதுதான்.

இப்படியிருக்க, தண்ணீர் விஷயத்தில் நமது நாட்டார் இத்தனை நூற்றாண்டுகளாகக் காட்டிவந்த ஜாக்கிரதை எதைப் பற்றியது? தண்ணீரில் என்ன விழுந்தது என்பதைப் பற்றியா, அல்லது தண்ணீரை யார் தொட்டார் என்பதைப் பற்றியா? 1927ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மகாத் என்கின்ற ஊரில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தோழர்களோடு சென்று சௌதார் குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். உடனே குளம் தீட்டாகிவிட்டதென்று மேல் ஜாதியார் 108 பானைகளில் பாலும் தயிரும் சாணியும் மாட்டு மூத்திரமும் கொண்டுவந்து கொட்டி அதைச் 'சுத்தம்' செய்தார்கள். மனிதன் கை பட்டால் அசுத்தம், சாணி பட்டால் சுத்தம்! சாணியில் டைபாய்டுக் கிருமி இராது என்பதை நியாயத்திற்காக நாமே ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் சாணி கரைத்த தண்ணீரைக் குடிக்கும்படி எந்தச் சுகாதார அதிகாரியாவது சிபாரிசு செய்வாரா என்று கேட்கின்றோம்.

அதெல்லாம் பழைய கதை என்று சொல்லுகின்றவர்களுக்கு, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலை ஞாபகப்படுத்துகின்றோம். 2022ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அங்குள்ள ஆதிதிராவிடத் தோழர்களின் குழந்தைகள் நோய்வாய்ப்பட, தண்ணீரைப் பாருங்கள் என்று வைத்தியர் சொல்ல, மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்ததில் மனித மலம் கிடந்தது. தீட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு சாஸ்திரம் வைத்திருக்கின்ற ஒரு தேசத்தில், குடிக்கிற தண்ணீரில் மலம் கிடப்பதைக் குழந்தைகள் படுத்த பிறகுதானா கண்டுபிடிக்க வேண்டும்? கிருமிக்கு ஜாதி தெரியாது. சேரியின் குழாயில் ஏறியது அக்கிரகாரத்தின் குழாயில் ஏற எவ்வளவு நேரம் ஆகும்? சாக்கடையும் குடிதண்ணீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போய், ஒன்றில் விரிசல் கண்டால் போதும்.

இந்த வியாதி திடீரென்று கொல்லுவதில்லை. அதுவே இதன் வஞ்சகம். காய்ச்சல் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். தலைவலி, அசதி, நாக்கில் வெள்ளை, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்குப் பேதி. கவனிக்காமல் விட்டால் மூன்றாவது வாரத்தில் குடல் புண்ணாகி ஓட்டை விழவும் இரத்தம் போகவும் கூடும். அதற்குள் இரண்டு நாள் மாத்திரையும் மூன்று நாள் ஓய்வுமாகப் பாதி வைத்தியம் செய்து, காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிடுகின்றோம். செத்தது போக மிஞ்சிய கிருமி அந்த மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளுகின்றது. 2016ல் பாகிஸ்தானத்துச் சிந்து மாகாணத்தில் தலைகாட்டிய டைபாய்டுக்கு வழக்கமான மருந்துகளில் பெரும்பாலானவை பலிக்கவில்லை. ஆகவே மருந்து தொடங்குமுன் இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட வேண்டும். நமது ஊர்களில் பிரபலமாயுள்ள விடால் சோதனை 1896ம் வருஷத்துச் சரக்கு. அது இல்லாத டைபாய்டை உண்டென்றும் சொல்லும், இருப்பதை இல்லையென்றும் சொல்லும்.

நோய் தீர்ந்தவரிடமும் கிருமி தங்கிவிடுவதுண்டு. நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையற்காரி ஒரு நாளும் படுத்தவளல்ல. ஆனால் அவள் சமைத்த வீடுகளில் பலவற்றில் டைபாய்டு வந்தது. 1907லும் பிறகு 1915லும் பிடித்து, 1938ல் சாகும்வரை தனியே வைத்திருந்தார்கள். ஓர் ஏழைப் பெண்ணுக்கு இது கொடுமைதான். ஆனால் சமையற்காரரின் ஜாதியைக் கேட்கிற வீடுகள், கக்கூஸுக்குப் போய்வந்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவினாரா என்று கேட்டிருந்தால் எவ்வளவோ நன்மையாயிருக்கும்.

நிற்க, மூளைக் காய்ச்சலின் கணக்கு வேறு. டைபாய்டு வாரக் கணக்கில் பேசும். கிருமியால் வரும் மூளைக் காய்ச்சல் மணிக் கணக்கில் பேசும். அது தண்ணீரால் வருவதல்ல. மூக்கு, தொண்டையிலிருந்து இருமல் தும்மலோடு பரவுகின்ற கிருமிகளே பெரும்பாலும் காரணம். கடுங்காய்ச்சல், தாங்கமாட்டாத தலைவலி, வாந்தி, வெளிச்சம் பார்க்கச் சகியாமை, மோவாய் மார்பைத் தொடாதபடி கழுத்து விறைப்பு, பிதற்றல், வலிப்பு ஆகியவை அடையாளங்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கும். பால் குடிக்காது, வீறிட்டு அழும், உச்சிக்குழி மேலே எழும்பி நிற்கும்.

பிதற்றலும் வலிப்பும் வந்தவுடன்தான் நம்மவர்களுக்குப் பேய் ஞாபகம் வருகின்றது. வேப்பிலை அடிக்கவும் எலுமிச்சம்பழம் நறுக்கவும் ஓர் இரவு போய்விடுகின்றது. அந்த ஓர் இரவுதான் பிழைப்புக்கும் சாவுக்கும், அல்லது பிழைத்தும் காது கேளாமற் போவதற்கும் இடையே உள்ள தூரம். இன்றைய வைத்தியம் இருந்தும்கூட, கிருமியால் வரும் மூளைக் காய்ச்சலில் ஆறில் ஒருவர் வரை சாகின்றார்கள் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் மற்றொரு மூடநம்பிக்கை வழிமறிக்கின்றது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமற் போய்விடும் என்று படித்தவர்களே கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அந்த ஊசி நுழைவது தண்டுவடம் முடிந்த இடத்திற்கும் கீழே. அந்த நீரைப் பார்த்தால்தான் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரியும்.

ஆப்பிரிக்காவில் செனகல் முதல் எத்தியோப்பியா வரையுள்ள நாடுகளில் 1996-97ல் மட்டும் இரண்டரை லட்சம் பேருக்கு இது கண்டு 25,000 பேர் மாண்டார்கள். 2010ல் பூனாவில் செய்த ஒரு தடுப்பூசி புர்கினா ஃபாசோவில் தொடங்கிப் பக்கத்து நாடுகளிலும் போடப்பட்டது. அந்த 'ஏ' வகைக் கொள்ளைநோய் ஓய்ந்தது. மெக்காவுக்குப் போகின்றவர்கள் கடவுளை நம்பித்தான் போகின்றார்கள். ஆனாலும் 2000ம் வருஷத்தில் யாத்திரைக்காரர்களிடையே நோய் பரவியதைக் கண்ட சவூதி சர்க்கார், நான்கு வகைக்கும் ஊசி போட்ட சீட்டைக் காட்டினால்தான் விடுவது என்று ஏற்பாடு செய்தது. நமது கும்பமேளா, மகாமகக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

டைபாய்டுக்கும் ஐதராபாத்தில் செய்த நல்ல ஊசி இருக்கின்றது. ஆறு மாதக் குழந்தைக்கே போடலாமென்று 2018ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறியது. 2019ல் பாகிஸ்தான் அதைத் தன் குழந்தைகளுக்கு வழக்கமான ஊசியாகவே சேர்த்தது. மூளைக் காய்ச்சலைத் தரும் கிருமிகளில் ஒன்றைத் தடுக்கும் ஐந்து நோய் ஊசி, 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசில்லை. குழந்தையின் ஜாதகத்தைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கும் தோழர்கள், அதன் ஊசிச் சீட்டு எங்கே இருக்கிறதென்று இன்றே தேடிப் பார்த்து, விட்டுப்போன தேதி ஏதேனும் இருந்தால் நாளைக் காலையிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.