சம்பளமில்லாத டூட்டி

கடந்த டிசம்பரில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. என் அண்ணன் மகளுக்குச் சனிக்கிழமை நிச்சயதார்த்தம். "எனக்கு ரெண்டு நாளும் டூட்டி இருக்கும்மா" என்றான் மகன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவனுக்கு என்ன டூட்டி? கேட்டால், கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடக்கும் காமிக் ஃபியஸ்தாவில் தன்னார்வலராம். அனிமே, மங்கா, வீடியோ கேம் பிரியர்கள் கூடும் விழா. 2002இல் ரசிகர்களே தொடங்கியது. இன்றும் ரசிகர்கள்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

"சம்பளம் எவ்வளவு?"

"கிடையாது."

"அப்புறம் எப்படிடா அது டூட்டி?"

பதில் இல்லை. பொதுவாகவே அவன் பேச மாட்டான். எஸ்பிஎம் முடித்ததிலிருந்து அறைக்கதவு சாத்தியே இருக்கும். உண்மையைச் சொன்னால், நிச்சயதார்த்தத்தை வைத்து நான் போட்ட சண்டையே அந்தக் கதவைப் பற்றியதுதான். நாலு சொந்தக்காரர்கள் முன்னால் வந்து நிற்கட்டுமே என்ற ஆசை.

"தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் பத்துமலையில தண்ணீர்ப் பந்தல்ல நிக்கிறேனே, எனக்கு யாரு சம்பளம் கொடுத்தா?" என்றார் கணவர். அவருக்கு நல்ல நேரம் பார்த்துப் பேசத் தெரியாது. ஆனால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சனிக்கிழமை அவனில்லாமல் போய் வந்தோம். ஞாயிறு மதியம் அவனுக்குச் சாப்பாடு கொடுக்கும் சாக்கில் நான் மட்டும் டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். நீலத் தலைமுடி, சிறகு, தகரம் போல வண்ணமடித்த அட்டைக் கவசம் என்று பிள்ளைகள். முகத்தில் சாயம் பூசிய ஒரு பெண் எனக்கு "ஆன்ட்டி" என்று வழிவிட்டாள். மேசை மேசையாக இளம் ஓவியர்கள், சொந்தமாக வரைந்து அச்சடித்த புத்தகங்களையும் ஸ்டிக்கர்களையும் விற்றார்கள். ஒரு மேசையில் ஒரு தந்தை மகளுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

என் மகன் ஓரிடத்தில், வேடமிட்டவர்கள் கொண்டுவரும் வாள், துப்பாக்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். கூர்மை இருக்கிறதா, உலோகமா என்று தடவிப் பார்ப்பது, சரியென்றால் அடையாள நாடா கட்டுவது. பத்து வயதுப் பையனின் வாள் பிடி ஒடிந்திருந்தது. அழப் போனவன் முன்னால் மண்டியிட்டு, டேப் சுற்றியபடி மலாயில் ஏதோ கதை சொன்னான். பையன் சிரித்தான். வரிசையே சிரித்தது. எனக்குத் தெரியாத ஒருவனைப் பார்ப்பது போல் இருந்தது. சாப்பாட்டைக் கொடுக்காமல் தூணருகே கொஞ்ச நேரம் நின்றேன்.

இரவு கேஎல்சிசியில் எல்ஆர்டி ஏறியதும் தானாகவே பேச ஆரம்பித்தான். தோக்கியோவின் காமிக்கெட் 1975 டிசம்பரில் 32 குழுக்களோடு, ஏறத்தாழ 700 பேர் வர, தொடங்கியதாம். இப்போது லட்சக்கணக்கில் வருகிறார்களாம். அங்கே வாடிக்கையாளர் என்றே யாரும் கிடையாதாம். விற்பவர், வாங்குபவர், வரிசையை ஒழுங்குபடுத்துபவர் எல்லாருமே பங்கேற்பாளர்தான். கிளானா ஜெயா வரும்வரை நிறுத்தவில்லை. நான் "ம்" கொட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கால் வீங்கியிருக்கிறது என்று உப்புப் போட்ட சுடுதண்ணீர் கேட்டான். வாளியில் காலை வைத்துக்கொண்டு, வரவேற்பறையிலேயே தூங்கிப்போனான்.

அண்ணி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மார்ச்சில் கல்யாணம். அதற்கு அவன் வருகிறானாம். பந்தியில் பரிமாற ஆள் போதுமா என்று கேட்டிருக்கிறான்.