நிறம் போனால் போதுமா?

சாயப்பட்டறைக் கழிவின் நிறம் நீங்கிவிட்டால் நீர் சுத்தமாயிற்று என்று கருதும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியில் வெண்ணெயை முகர்ந்து பாராமல் வாங்குவாரில்லை. தண்ணீர் விஷயத்தில் மாத்திரம் கண்ணே போதுமென்பது விந்தை!

கண்ணின் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை விசாரிப்போம். சாயத்தின் மூலக்கூறு ஒளியில் ஒரு பகுதியை விழுங்கியதும் அதிலுள்ள எலெக்ட்ரான் உயர்ந்த சக்தி நிலைக்கு எழும்புகிறது. இதனைக் கிளர்ச்சி நிலை என்பர். அஸோ சாயங்கள் பெரும்பாலானவற்றில் இந்நிலை ஒரு விநாடியின் லட்சங் கோடியில் சில பங்கே நீடிக்கும். பெற்ற சக்தி உஷ்ணமாய்க் கழிந்துவிடும். விழுங்கப்படாமல் மிஞ்சிய ஒளியே நமக்கு நிறமாய்த் தோன்றுகிறது. பனியனுக்கு வெண்மையூட்டும் பொருளோ கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கிரணத்தை விழுங்கி நீல ஒளியாய்த் திருப்பித் தருகிறது. கடைவீதியில் நாம் மெச்சும் 'பளிச்'சென்ற வெண்மையின் ரகசியம் அதுவே.

டைட்டானியம் டையாக்ஸைடு என்னும் குறைகடத்தியின் மீது புறஊதாக் கிரணம் பட்டால் அதில் கிளர்ந்தெழும் எலெக்ட்ரான்கள் வாயிலாக நீரிலுள்ள சாயம் சிதைகிறது. இம்முறையால் கழிவைத் தெளிவிக்க ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாக உழைத்து வருகின்றனர். முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் அஸோ பிணைப்பு அறுந்தவுடன் நிறம் மறைந்துவிடும். உடைந்த துண்டுகள் உடனே மறைவதில்லை. அவை புறஊதா நிறமாலையில்தான் அகப்படும். சாயம் ஏற்றக் கொட்டும் உப்பைக் கண்ணும் காணாது, நிறமளக்கும் கருவியும் காட்டாது. அதற்கு நீரின் மின்கடத்துந் திறனை அளந்தாக வேண்டும்.

ஊத்துக்குளிக்குத் தென்கிழக்கே நொய்யலின் குறுக்கே 1992-இல் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணையின் கதியை விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். பாசனத்துக்கென எழுப்பிய அணையில் சாயக்கழிவு தேங்கிற்று. நிலங்களைப் பாழாக்கியதில் பெரும் பங்கு உப்பினுடையது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட நேர்ந்தது. பின்னர் கழிவை வெளியே விடாமல் மீட்டுப் பயன்படுத்தும் நிலையங்கள் ஏற்பட்டன என்பதையும் நாம் மறுக்கவில்லை.

ஒளியைக் கொண்டு மூலக்கூறுகளைச் சோதிக்கும் வித்தை நமக்கு அந்நியமன்று. 1928-இல் கல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்ட ஸி. வி. ராமனும், உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் தமிழ்நாட்டில் பிறந்தவர்களே. ஆகவே, கிணற்று நீரையும் ஓடை நீரையும் பரிசோதிக்கும் அதிகாரிகள் நிறத்தோடு நில்லாமல், புறஊதா நிறமாலையையும் உப்பின் அளவையும் பதிவு செய்து, அக்கணக்கை அந்தந்தக் கிராமத்தார் படிக்கும்படி தமிழில் ஒட்டிவைக்கவேண்டுமென்று கோருகிறோம்.