ஸ்தல சரித்திரமும் பொதுப் புஸ்தகசாலைகளும்

வரி கொடுப்பவன், தான் கொடுத்த வரி எவ்வாறு செலவாகிறதென்று கேட்பதற்கு உரிமையுள்ளவன். தமிழ்நாட்டில் வீடு வைத்திருப்போர் சொத்து வரி செலுத்தும்போது, அவ்வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்தே செலுத்தி வருகின்றனர். வாடகை வீட்டில் குடியிருப்போரும் வாடகையின் வழியாக இதில் பங்கு கொடுக்கிறார்களென்றே கொள்ளலாம். ஆகவே, நமது ஊரிலுள்ள பொதுப் புஸ்தகசாலை சர்க்கார் மனமிரங்கி அளித்த தானமன்று. நாம் எல்லோரும் கூடிப் பணம் போட்டு நடத்தும் ஸ்தாபனமேயாகும். அத்தகைய ஸ்தாபனத்தில் உலகத்துச் சரித்திரமெல்லாம் ஓரளவு கிடைக்கிறது. நம் ஊருடைய சரித்திரம் கிடைக்கிறதா? இக்கேள்வியை நமது நேயர்கள் தத்தம் ஊர்ப் புஸ்தகசாலைக்குச் சென்று கேட்டுப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

புஸ்தகசாலையின் வேலை நூல்களை அடுக்கி வைப்பதும் இரவல் கொடுப்பதுமே என்று எண்ணுவோர் பலர். சட்டத்தை இயற்றியவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. சென்னை மாகாணக் கல்வி மந்திரியாயிருந்த ஸ்ரீ தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948ஆம் வருஷத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் இத்துறையில் முதன்முதல் உண்டான சட்டமாகும். சீர்காழியிற் பிறந்து, சென்னைச் சர்வகலாசாலைப் புஸ்தகசாலையைப் பல்லாண்டு நடத்திய டாக்டர் சீ. இரா. அரங்கநாதனுடைய இடைவிடாத பிரசாரத்தின் பலன் அது. அச்சட்டம் ஸ்தல நூலக ஆணைக்குழுக்களுக்கு அளித்த அதிகாரங்களைச் சற்றுக் கவனியுங்கள். புஸ்தகங்களையும் பத்திரிகைகளையும் மாத்திரமன்றி, தேசப்படங்கள், கலைப் பொருள்கள், விஞ்ஞான மாதிரிகள், லாந்தர்ப் படங்கள், சினிமாச் சுருள்கள் ஆகியவற்றையும் சேகரித்து வைக்கலாம். பிரசங்கங்கள் ஏற்பாடு செய்யலாம். வகுப்புகள் நடத்தலாம் என்று அது வெளிப்படையாகவே கூறிற்று. கண்காட்சியும் பிரசங்கமும் புஸ்தகசாலைக்குப் புறம்பானவையென்று சொல்வதற்கு இடமே இல்லை. குறை சட்டத்தில் இல்லை. அதை உபயோகிப்பவர்களிடத்திலேதான் இருக்கிறது.

ஸ்தல சரித்திரம் எதற்காக என்று சிலர் வினவக்கூடும். நமது ஜில்லாக்களின் சரித்திரத்தை முறையாக எழுதி அச்சிட்டவர்களில் இருவரைப் பாருங்கள். மதுரைக்கு நெல்ஸன் 1868லும், தஞ்சாவூருக்கு ஹெமிங்வே 1906லும் எழுதினர். இருவரும் ஆங்கில உத்தியோகஸ்தர்கள். அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. எனினும், ஆள்பவனுக்கு வேண்டிய தகவல் வேறு, ஊரில் வாழ்பவனுக்கு வேண்டிய தகவல் வேறு. நிலத்தின் தீர்வை என்ன, எந்த ஜாதியார் எத்தனை பேர், குற்றங்கள் எவ்வளவு என்பதை அறிவதே சர்க்காரின் நோக்கமாயிருந்தது. குளத்தை வெட்டியவன் பெயரும், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய வீடும், நாடகக் கொட்டகையும், திண்ணைப் பள்ளிக்கூடமும் அக்கணக்கில் இடம்பெறுவது அரிது. அந்நியர் எழுதிய சரித்திரத்தைக் குறை கூறிக்கொண்டே, நமது சரித்திரத்தை எழுதாமலிருப்பது நமக்குப் பெருமையாகாது.

ஓர் உதாரணம் கூறுவோம். 1930ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்றனர். அவர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவார்களென்று தஞ்சாவூர்க் கலெக்டராயிருந்த தார்ன் துரை எச்சரித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றார்கள். கலெக்டரின் எச்சரிக்கை சரித்திரத்திலிருக்கிறது; தலைவரின் பெயர் இருக்கிறது; பொட்டலம் கட்டியவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? அடுப்பு மூட்டிய பெண்மணிகள் யாவர்? எந்த ஊரில், எந்த மரத்தில்? அன்று பத்து வயதுச் சிறுவனாயிருந்தவர் இன்று ஜீவித்திருந்தால் நூறு வயதைக் கடந்திருப்பார். பாட்டனார் சொல்லக் கேட்டவர்களும் முதியோராகிவிட்டனர். அவர்களும் மறைந்தபின், இக்கேள்விகளுக்கு விடையளிப்போர் ஒருவரும் இரார்.

அதே தஞ்சை ஜில்லாவில், மறு வருஷமாகிய 1931ல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஸ்ரீ கனகசபைப் பிள்ளை என்பவர் இரட்டை மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். சட்டமும் வரியும் இல்லாத காலத்தில் புஸ்தகம் ஊரைத் தேடிச் சென்றது. சட்டமும் வரியும் உள்ள இக்காலத்தில், ஊரின் கதை புஸ்தகசாலையைத் தேடி வருவதற்கு வழி செய்யலாகாதா?

சரித்திரச் சான்று என்றால் செப்பேடும் கல்வெட்டுமே என்று நினைத்து, மற்றவற்றைக் குப்பையென ஒதுக்குவது நமது பெரும் பிழை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் விளம்பரப் பலகை எழுதும் தொழிலுடையவராயிருந்து, பழைய நூல்களோடு நாடக நோட்டீஸ்களையும், கலியாணப் பத்திரிகைகளையும், சிறு சஞ்சிகைகளையும் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். 1992ல் அவர் காலமானபின், அத்தொகுதியை விலை கொடுத்து வாங்க முன்வந்தது அமெரிக்காவிலுள்ள சிகாகோ சர்வகலாசாலை. நல்ல வேளையாக அது கப்பலேறவில்லை. 1994ல் சென்னையில் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சிப் புஸ்தகசாலை ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டின் சமூக சரித்திரத்தை ஆராய்வோர் அதன் வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. இதில் மகிழ்ச்சியும் வெட்கமும் நமக்கு ஒருங்கே உண்டாகின்றன. நம்முடைய நோட்டீஸின் மதிப்பைக் கடல்கடந்த சர்வகலாசாலை வந்துதானா நமக்கு எடுத்துரைக்க வேண்டும்?

சேர்த்து வைத்ததும் ஒரே இடத்தில் அடங்கிக் கிடந்தால் ஆபத்தே. 1981ஆம் வருஷம் மே 31 இரவு தொடங்கிய கலவரத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தை மீண்டும் எழுப்பினார்கள். எரிந்த சுவடியை எழுப்ப எவராலும் இயலவில்லை. அத்துயரத்திலிருந்து ஈழத்தமிழர் கற்ற பாடம் நமக்கும் உரியது. 2005ல் அவர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்வழிப் புஸ்தகசாலை, பெருநூல்களோடு நில்லாமல், இறந்தார் நினைவாகக் குடும்பத்தார் அச்சிடும் சிறு மலர்களையும், பாடசாலை ஆண்டு மலர்களையும், சங்க அறிக்கைகளையும் படமெடுத்து உலகெங்குமுள்ளோர் படிக்கும்படி வைத்திருக்கிறது. ஒரு நினைவு மலரில் மூன்று தலைமுறையின் வரலாறு இருக்கும். இழந்தவனுக்குத்தான் பொருளின் அருமை தெரிகிறது. இழப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது விவேகம்.

கண்காட்சியாலும் பிரசங்கத்தாலும் விளையும் பலன் என்ன? வீட்டிலே பெட்டிக்குள் கிடக்கும் பழைய புகைப்படத்தை உடையவன் மதிப்பதில்லை. அதேபோன்ற ஒன்றைப் புஸ்தகசாலைச் சுவரில் கண்ட மறுநாளே, ‘எங்கள் வீட்டிலும் உண்டு’ என்று எடுத்துக்கொண்டு வருவான். ஒருவர் பேசினால், கேட்டிருந்த முதியவர் எழுந்து, ‘அது அப்படியன்று, நடந்தது இது’ என்று திருத்துவார். ஆகவே கண்காட்சி கண்ணுக்கு விருந்து மாத்திரமன்று. மேன்மேலும் சான்று திரட்டும் சாதனம். கீழடியின் பெருமையை இன்று அறியாதாரில்லை. அங்கே அகழ்வு தொடங்கியது 2015ல். ஆனால் 1970களிலேயே அவ்வூர்ப் பள்ளிச் சரித்திர ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் கொணர்ந்த பழம்பொருள்களைக் கண்டு தொல்பொருள் இலாகாவுக்குத் தெரிவித்திருந்தார். பேரறிஞருக்கு முன் ஊரானே காண்கிறான். அவன் கண்டதைக் கேட்டுப் பதிந்துவைக்க ஓர் இடம் வேண்டும்.

ஆட்சேபங்கள் இரண்டு. முதலாவது, ஜில்லாப் புஸ்தகசாலைகளில் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கும் வாலிபர்களுக்கே இடம் போதவில்லை என்பது. அவர்களை எழுப்பிவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஒரு சுவரும், இரண்டு அலமாரியும், மாதத்தில் ஒரு மாலைப்பொழுதும் கேட்கிறோம். இரண்டாவது, பணமில்லை என்பது. ஜனங்களிடம் வசூலித்த நூலக வரியை நகராண்மை ஸ்தாபனங்கள் உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுக்களிடம் ஒப்புவிப்பதில்லை என்னும் முறையீடு நெடுநாளாய் இருந்துவருகிறது. ஒரு காரியத்துக்கென வசூலித்த பணம் அக்காரியத்துக்கே உரிய தர்மசொத்து. அதைத் தாமதமின்றிச் சேர்ப்பித்தால், பணமில்லை என்னும் பேச்சு பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. ஸ்தல சரித்திரம் என்ற பெயரால் ஜாதிப் பெருமையும், செல்வர் வீட்டு வம்சாவளியும், ஆதாரமற்ற கட்டுக்கதைகளும் மேடையேறக்கூடும். நியாயஸ்தலத்தில் ‘அவர் சொல்ல இவர் கேட்டார்’ என்னும் சாட்சியம் பொதுவாகச் செல்லுபடியாவதில்லை. சரித்திரத்தில் அதை அறவே தள்ளிவிட்டால், எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஏழைகளின் வாயையே அடைத்தவர்களாவோம். ஆகையால் அதை ஏற்கவேண்டும். ஆனால் ‘இது பத்திரத்தில் கண்டது, இது வாய்மொழியாகக் கேட்டது, சொன்னவர் இன்னார்’ என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதிவைக்க வேண்டும். அக்கிரகாரத்தின் கதைக்கும் சேரியின் கதைக்கும் ஒரே சுவரில் ஒரே அளவு இடம் வேண்டும். கோயில் மண்டபத்திலோ ஜாதிச் சங்கத்திலோ இது நடவாது. யாவரும் கேள்வியின்றி நுழையக்கூடிய பொதுப் புஸ்தகசாலையில்தான் நடக்கும். இப்பணிக்கு நாம் அதைத் தெரிந்தெடுப்பதன் காரணமும் இதுவே.

செய்யவேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு ஜில்லா மத்திய புஸ்தகசாலையிலும் ஊர்ச் சான்றுகளுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்படட்டும். கிடைப்பவற்றைப் படமெடுத்து, பிரதியொன்றை வேறோரிடத்தில் வைக்கட்டும். மூலத்தைப் பிரிய மனமில்லாதவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்துவிடட்டும். மாதம் ஒரு பிரசங்கமும் வருஷம் ஒரு கண்காட்சியும் நடக்கட்டும். வாசகர் வட்டங்கள் உள்ள இடங்களில் அவையே இப்பொறுப்பை ஏற்கலாம். தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது நேயர்கள் சர்க்கார் உத்தரவுக்காகக் காத்திராமல், தம் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் உள்ளவற்றை இவ்வாரமே எடுத்துப் பார்க்கட்டும். தெருவிலுள்ள மிக முதியவரிடம் சென்று, அவர் சொல்வதைத் தேதியிட்டு எழுதிக்கொள்ளட்டும். கறையான் நமது தீர்மானங்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஆணைக்குழுக்களும் பொதுஜனங்களும் இவ்விஷயத்தில் தாமதியாது முற்படுவார்களென நம்புகிறோம்.