தராசும் நாரையும்

‘வளர்ச்சிக்கும் இயற்கைக்கும் இடையே சமநிலை’ என்ற சொற்றொடரை அரசாங்கக் கோப்புகள் உபயோகிப்பதில் ஆச்சரியம் இல்லை. எழுத்தாளர்களும் யோசிக்காமல் உபயோகிப்பதுதான் ஆச்சரியம். அடுத்தவர் கவிதையில் ஒரு படிமம் பிசகினால் நான்கு பக்கம் எழுதுகிறோம். சட்டத்தின் படிமம் என்றால் விட்டுவிடுகிறோம்.

காஞ்சிபுரத்துக்காரனுக்குத் தராசு தெரியும். இங்கே பட்டும் ஜரிகையும் நெசவாளிக்கு எடை போட்டுத்தான் தரப்படுகின்றன. நெய்து வந்த புடவைக்கும் எடை உண்டு. ஜரிகையை எடைக்கல்லோடு நிறுப்பார்கள். நெய்கிறவரின் கண்பார்வையோடு நிறுப்பதில்லை. அதற்குக் கல் கிடையாது.

2019 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்த வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளலாம். ஏரி சுமார் 30 ஹெக்டேர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். ஜீவகாருண்யம் மட்டும் காரணம் அல்ல. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம். நாரை எதிர்த்தட்டில் இல்லை. ஊரின் கணக்கிலேயே வரவாக இருந்தது.

நத்தைகுத்தியும் கூழைக்கடாவும் கூடு கட்டுவது ஏரி மரங்களில். இரைக்குப் போவது சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதன் நியாயம் இது. 2020இல் வனத்துறையின் யோசனை வந்தது: சரணாலயம் 3 கிலோமீட்டர், மீதி 2 சூழல் கூருணர்வு மண்டலம். குறைப்பு அல்ல, முறைப்படுத்தல் என்றார்கள். தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் சரணாலய எல்லையை மாற்றக் கூடாது என்று சட்டம் சொல்வது இந்த மாதிரி முறைப்படுத்தலை எண்ணித்தான்.

இன்று ஐந்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே மூன்று. அடுத்த முறை மூன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே. போன தடவை போன இரண்டு எந்தத் தட்டிலும் ஏறாது. வங்கியில் கணக்குப் பார்ப்பவன் சொல்கிறேன்: ஆரம்ப இருப்பை வருஷாவருஷம் அழித்து எழுதும் பேரேட்டுக்குச் சமநிலை என்று பெயரில்லை.

சரி, நிறுத்தே பார்ப்போம் என்பவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. 1978இல் அங்கே உச்சநீதிமன்றம், மூன்று அங்குல மீன் ஒன்றுக்காக, பெரும்பகுதி முடிந்துவிட்ட டெலிகோ அணையை நிறுத்தியது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் எடை போட இடமில்லை என்றது. கூச்சல் எழுந்தது. எடை போடவே ஒரு கமிட்டியை அமைத்தார்கள். அந்தக் கமிட்டியும் 1979 ஜனவரியில் விலக்குத் தர மறுத்தது. மிச்ச வேலைக்கு ஆகும் செலவே கட்டுப்படியாகாது என்று கண்டது. பிறகு என்ன ஆயிற்று? அதே ஆண்டு ஒரு நிதி மசோதாவில் ஷரத்தைச் செருகி அணையை முடித்தார்கள். மீன் வேறு ஆறுகளில் பிழைத்து 2022இல் பட்டியலிலிருந்து நீங்கியது. அது அணையின் தயவு அல்ல. தராசு கேட்டவர்கள், முள் தங்கள் பக்கம் சாயாதபோது தராசையே தூக்கி எறிந்தார்கள்.

5 கிலோமீட்டருக்குள் வாழ்கிறவர்களுக்கும் வேலை வேண்டும், வீடு வேண்டும். மறுக்கவில்லை. அவர்களுக்கு இன்னது தேவை என்று பெயர் சொல்லிக் கேட்கட்டும், பேசலாம். அவர்கள் பெயரில் ஆலைக்கு இடம் கேட்பதுதான் ஏமாற்று.

குறளில் துலாக்கோல் நடுவுநிலைமைக்கு உவமை. நிறுப்பவன் ஒரு பக்கம் சாயக் கூடாது என்பது பொருள். ஆளுக்குப் பாதி என்பதல்ல. இனி ‘சமநிலை’ என்று எழுதுமுன் நிறுப்பவர் யார், எதை, எந்தக் கல்லால் என்று கேட்போம். பதில் இல்லையென்றால் ‘எடுத்துக்கொண்டார்கள்’ என்று எழுதலாம். தமிழில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமில்லை.