மவுஸுக்குச் சுண்டலா? மாணாக்கர்களுக்குப் பழக்கமா?

கம்ப்யூட்டர் பரீட்சை என்றாலே விருதுநகர், சிவகாசிப் பக்கத்து மாணாக்கர்கள் பலருக்கு நடுக்கம் உண்டாகின்றது. யு.ஜி.சி. நெட் 2018 டிசம்பர் முதலும், ஜே.இ.இ. மெயின் 2019 முதலும், மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான கியூட் 2022 முதலும் பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே நடந்து வருகின்றன. வாழ்வையே தீர்மானிக்கும் பரீட்சை, பழகாத யந்திரம். பயம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் இதற்கு வீட்டார் தேடும் பரிகாரம் என்ன? முன்பு பேனாவைச் சாமி காலடியில் வைத்தார்கள். இப்போது பேனாவுக்கு வேலை போய்விட்டதால் ஹால் டிக்கெட்டை வைக்கிறார்கள். மவுஸ் என்றால் எலி. எலி பிள்ளையார் வாகனம். ஆகவே சுண்டல் படைத்தால் அது நன்றாக ஓடும் என்று இன்னும் ஒருவர் சொல்லவில்லையே என்பதுதான் நமக்கு ஆச்சரியம்!

இராகுகாலப் பயம் வேறு. செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 4.30 வரை இராகுகாலம் என்று சிவகாசியில் அச்சான காலண்டர் சொல்லுகின்றது. ஜே.இ.இ. மெயின் பிற்பகல் பரீட்சையும் 3 மணிக்கே ஆரம்பம். ஆனால் அதன் கணக்கு முறைப்படி, ஒவ்வொரு வேளையிலும் அதிக மார்க் வாங்கியவருக்கு 100 பர்சென்டைல். செவ்வாய் பிற்பகலிலும் அப்படியே. இராகு எங்கே போனான்? அந்தக் காலண்டரை அச்சடிக்கும் யந்திரமாவது இராகுகாலத்தில் நிற்கின்றதா?

பயத்துக்குக் காரணம் கிரகமல்ல, பழக்கமின்மையே. பட்டாசு ஆலையில் பழகாத ஆளை மருந்துக் கலவை அறைக்குள் எந்தப் போர்மேனாவது அனுப்புவாரா? அனுப்பி விபத்து நேர்ந்தால் குற்றம் ஆளுடையதா, அனுப்பியவருடையதா? அப்படியிருக்க, வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத தீப்பெட்டித் தொழிலாளியின் மகளைப் பரீட்சை மண்டபத்தில் திடீரென்று அதன் முன் உட்கார வைத்துவிட்டு, "இவளுக்குத் திறமையில்லை" என்று சொல்லுவது எந்த நியாயம்?

யந்திரம் ஒன்றும் தெய்வமல்ல. 2022 ஆகஸ்ட் 4-ல் கியூட் பிற்பகல் பரீட்சை நாடு முழுவதும் ரத்தாயிற்று. அது விதியல்ல, நடத்தியவர்களின் கோளாறு. அந்தப் பரீட்சையே வேண்டாமென்று தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரல் 11-ல் தீர்மானம் செய்தது. அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பரீட்சை இருக்கும் வரை நம் பிள்ளைகள் அதில் தோற்கக் கூடாது.

மாணாக்கர்களே! தேசிய தேர்வு முகமையின் இணையதளத்தில் மாதிரிப் பரீட்சை இலவசமாகவே இருக்கின்றது. விடை எழுதியது பச்சை, பார்த்துவிட்டு எழுதாதது சிவப்பு, மறுபடி பார்க்க வைத்தது ஊதா. இந்த மூன்று நிறமும் கண்ணுக்குப் பழகினால் பாதி பயம் போய்விடும். மண்டபத்தில் யந்திரம் பழுதானால் கையைத் தூக்கி உடனே கேளுங்கள். வேறு யந்திரம் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

கல்லூரி நிர்வாகிகளே! பூட்டிக் கிடக்கும் கம்ப்யூட்டர் அறைகளை மாலை வேளையில் திறந்து விடுங்கள். யந்திரத்தில் பரீட்சை வைக்கும் சர்க்கார், ஊர்தோறும் அந்த யந்திரத்தைப் பழகவும் இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காத வரை அது பரீட்சையல்ல. பணமிருப்பவனைப் பொறுக்கியெடுக்கும் சல்லடையே ஆகும்.