‘ரன்’ படுத்தும் பாடு!

‘ரன்’ என்றால் என்ன? ‘இதெல்லாம் ஒரு கேள்வியா, எல்.கே.ஜி. பையன் சொல்வானே’னு சிரிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரங்க உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில், வினைச்சொல்லாக மட்டும் ‘ரன்’னுக்கு 645 அர்த்தம் தேறியது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே வார்த்தையோடு ஒன்பது மாதத்துக்கு மேல் மல்லுக்கட்டினார். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’தான் சாம்பியன். 2011-ல் ‘ரன்’ அதைத் தாண்டி ஓடிவிட்டது.

உடனே நோட்டு எடுத்து 645-ஐயும் எழுத ஆரம்பிச்சிடாதீங்க பாஸ்! அதில் பாதியாவது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நம்பலையா? கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் ராயப்பன்பட்டிக்கு வாங்க. ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் போய் நின்னு காதைத் தீட்டுங்க. மோட்டார் ஓடுது. வாய்க்காலில் தண்ணி ஓடுது. பந்தல் மேல கொடி ஓடுது. ஊருக்குள் எந்தப் படம் நல்லா ஓடுதுன்னு ரெண்டு பேர் பேசிக்கிறாங்க. இதில் எதுக்காவது கால் இருக்கா? ஆனாலும் எல்லாம் ஓடுது. இங்கிலீஷிலும் அத்தனையும் ‘ரன்’தான். தண்ணி ஓடினதைப் பார்த்துப் பழகின ஜனங்க, மெஷின் வந்ததும் அதையும் ‘ஓடுது’ன்னாங்க. அங்கேயும் அதே கதைதான். ரயிலும் ஆலையும் வந்த பிறகுதான் ‘ரன்’னுக்கு வேலைப்பளு எக்கச்சக்கமாகக் கூடியது.

சிக்கல் வேற இடத்தில் இருக்கு. தமிழில் நமக்கு ரெண்டு வார்த்தை. தானா நடந்தா ‘ஓடு’, இன்னொருத்தர் செஞ்சா ‘ஓட்டு’. இங்கிலீஷில் ரெண்டுக்கும் ஒரே ‘ரன்’னைப் போடலாம். அப்படின்னா ‘ஓட்டு’ வர்ற இடத்தில் எல்லாம் ‘ரன்’ போட்டுடலாமா? அங்கேதான் மாட்டுவீங்க.

ஸ்காலர்ஷிப் இன்டர்வியூ. ‘அப்பா என்ன பண்றார்?’னு கேட்கிறாங்க. அவர் தேனி-கம்பம் ரூட்டில் பஸ் டிரைவர். நீங்க மனசுக்குள்ள ‘எங்கப்பா பஸ் ஓட்டுறார்’னு சொல்லி, அப்படியே மொழிபெயர்த்து, ‘மை ஃபாதர் ரன்ஸ் எ பஸ்’னு விடுறீங்க. கேட்டவர் காதில் விழுந்தது என்ன தெரியுமா? ‘எங்கப்பா பஸ் சர்வீஸ் நடத்துறார்!’ பஸ் முதலாளி பிள்ளைக்கு எதுக்கு ஸ்காலர்ஷிப்னு அவர் பேனாவை மூடினா, அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? பஸ் ஓட்டினா ‘டிரைவ்’, பைக் ஓட்டினா ‘ரைடு’. ‘ரன்’ போட்டா, நிர்வாகமும் செலவும் உங்க தலையில்னு அர்த்தம் வந்துடும். இந்த ஒண்ணை மட்டும் தெரிஞ்சுக்கிட்டாலே இந்த வாரக் காசு ஜீரணம்.

அதே மாதிரி, அப்பா மளிகைக்கடை வெச்சிருந்தா தயங்காம ‘ஹி ரன்ஸ் எ க்ராசரி ஷாப்’னு சொல்லுங்க. ‘ஹி இஸ் கீப்பிங் ஒன் ஷாப்’ வேணாம். நாம கடையை ‘நடத்துறோம்’, வெள்ளைக்காரர் ‘ஓட்டுறார்’. அவ்வளவு அவசரம் அவருக்கு!

இன்னொரு வேடிக்கை. சும்மா நிக்கிறதும் இங்கிலீஷில் ஓடும். நம்ம ரோடு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் ‘போகுது’. அவங்க ரோடு ‘ரன்’ ஆகுது. ராயப்பன்பட்டிக்குப் பின்னாடி அசையாம நிக்குதே மேற்குத் தொடர்ச்சி மலை, அதுவும் வடக்கிலிருந்து தெற்கா ‘ரன்ஸ்’! எலெக்‌ஷனில் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ பண்ணுவார், இங்கிலாந்தில் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார். நம்ம ஊர் வேட்பாளரும் ‘நிக்கிறார்’தான். ஓடுறது எல்லாம் ஜெயிச்ச பிறகு.

பின்னாடி ஒட்டிக்கிற குட்டி வார்த்தைகளிடமும் உஷாரா இருங்க. ‘ரன் அவுட்’னா கிரிக்கெட் ஞாபகம்தானே வரும்? கூடவே ஒரு ‘ஆஃப்’ சேர்த்து ‘வி ரேன் அவுட் ஆஃப் டீசல்’னா டீசல் தீர்ந்து போச்சு. ‘ரன் இன்டு’ன்னா எதேச்சையா சந்திக்கிறது, சுவரில் போய் முட்டிக்கிறதும் அதேதான். ஆனா ஃப்ரெண்டை ‘ரன் ஓவர்’னு சொல்லிடாதீங்க... வண்டியை ஏத்திட்டீங்கன்னு அர்த்தம்!

நம்ம ஊர்க் கதை ஒண்ணையே இங்கிலீஷில் சொல்லிப் பழகுங்க. மேற்கே ஓடிக்கிட்டிருந்த பெரியாறு. 1895-ல் கட்டி முடிஞ்ச அணை. மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா கிழக்கே நம்ம பள்ளத்தாக்குக்கு ஓடி வர்ற தண்ணி. பென்னிகுவிக் செஞ்ச வேலையைப் பத்து வரியில் சொல்லணும். முதல் வரியில் ‘ரேன்’, கடைசி வரியில் ‘ரன்ஸ்’ வந்தே ஆகணும்.

போறதுக்கு முன்னாடி ஒரு வீட்டுப்பாடம். சண்முகாநதி அணையில் தண்ணி குறையுதுன்னு வெச்சுக்குங்க. ‘தி வாட்டர் இஸ் ரன்னிங் லோ’ன்னு ஒருத்தர் சொல்றார். தோட்டத்துக் கிணறு ‘ரேன் டிரை’ன்னு இன்னொருத்தர் சொல்றார். இதில் ஓடுறது எது? யோசிச்சு வைங்க, அடுத்த வாரம் பேசுவோம்!