லாக் கேட்காமல் வேலை செய்வோம்

காம்போ மாற்ற வந்தாலும் சரி, சார்ஜிங் போர்டு போய்விட்டது என்று வந்தாலும் சரி, கவுன்டரில் நாம் கேட்கும் முதல் கேள்வி “லாக் என்ன?” என்பதுதான். வாடிக்கையாளரும் தயங்காமல் சொல்லிவிடுகிறார். பேட்டர்ன் வரைந்துகொள்வதற்கென்றே ஒன்பது புள்ளிகளை ஜாப் கார்டில் அச்சடித்து வைத்திருக்கும் கடைகள் பல. அந்தக் கார்டு ரப்பர் பேண்டில் போனோடு சேர்ந்து கவுன்டரிலிருந்து பெஞ்சுக்குப் போகிறது. ஐசி வேலை என்றால் பக்கத்துத் தெருவில் இன்னொரு கடைக்கும் போகிறது. போன் வீடு திரும்பிய பிறகும் கார்டு மாதக்கணக்கில் டிராயரில் கிடக்கிறது. இந்த வழக்கத்தை நம் தொழில் அடியோடு விட்டுவிட வேண்டும்.

லாக் கேட்கும் பழக்கம் வந்த காலத்தில் போனுக்குள் இருந்தவை நம்பர்களும் போட்டோக்களும் பாட்டுகளும்தான். இன்று அதே போனில் மளிகை ஆர்டர் செய்யும் ஆப், டாக்ஸி ஆப், ரயில் டிக்கெட் ஆப் என்று ஒவ்வொன்றிலும் டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ சேமிக்கப்பட்டிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் 1 முதல் கார்டு எண்ணை வணிக நிறுவனங்கள் சேமித்து வைக்கத் தடை விதித்தது. எண்ணுக்குப் பதிலாக ஒரு டோக்கன்தான் அவர்களிடம் இருக்கும். ஒரு கடைக்காகக் கொடுத்த டோக்கன் இன்னொரு கடையில் செல்லாது. ஆகவே சர்வரிலிருந்து தகவல் திருடுபோனாலும் திருடியவருக்கு அதனால் பயன் இல்லை. மிக நல்ல ஏற்பாடு இது. ஆனால் பூட்டுத் திறந்த போனைக் கையில் வைத்திருப்பவர் முன்னால் இந்த டோக்கன் எதையும் தடுக்காது. ஆப் ஏற்கெனவே லாகினில் இருக்கிறது, கார்டு தயாராக நிற்கிறது, வங்கி அனுப்பும் ஓடிபியும் அதே திரையில்தான் வந்து விழுகிறது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அந்த ஓடிபிகூடத் தேவைப்படாது. போதாததற்கு, கார்டின் முன்பக்கத்தையும் சிவிவி உள்ள பின்பக்கத்தையும் படமெடுத்து கேலரியில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? இத்தனைக்கும் சேர்த்து இருக்கும் காவல் திரைப் பூட்டு ஒன்றே. அதைத்தான் நாம் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்கிறோம்.

நம் டெக்னீஷியன்களில் மிகப் பெரும்பாலானோர் நேர்மையானவர்கள். அவர்களுக்காகவும்தான் இதைச் சொல்கிறோம். வாடிக்கையாளரின் கணக்கில் பணம் குறைந்தால், அது எங்கோ ஒரு போலி ஏபிகே கோப்பால் போயிருந்தாலும், முதலில் சந்தேகப்படப் போவது போனைக் கொடுத்து வைத்த கடையைத்தான். ஜாப் கார்டில் பேட்டர்ன் எழுதியிருக்கும்போது “நான் திறக்கவே இல்லை” என்று அந்தப் பையன் எப்படி நிரூபிப்பான்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று பேசுகிறது. குற்றமே செய்யாதவர் அதன் நிழலில் போய் நிற்க வேண்டிய அவசியம் என்ன?

கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேப்டாப்களில் பதிவுக் கருவி வைத்து சர்வீஸ் கடைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பாஸ்வேர்டு சிறிதும் தேவைப்படாத பேட்டரி மாற்றத்துக்குக்கூடக் கடைகள் பாஸ்வேர்டு கேட்டன. சில இடங்களில் வேலைக்குத் தொடர்பில்லாத சொந்தப் படங்கள் திறந்து பார்க்கப்பட்டிருந்தன. எந்த ஊராக இருந்தாலும், தேவையில்லாமல் கிடைக்கும் சாவி தேவையில்லாத இடத்தைத் திறக்கிறது.

“லாக் இல்லாமல் டெஸ்ட் பண்ணுவது எப்படி?” என்று கேட்பீர்கள். முதலில், போனை வாங்கியதும் சிம்மைக் கழற்றி வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஓடிபி அவரோடு போய்விடும். கடையின் டெஸ்ட் சிம்மைப் போட்டு, கடை போனிலிருந்து அழையுங்கள். பூட்டிய நிலையிலேயே அழைப்பை எடுக்கலாம். இயர்பீஸ், மைக், லவுட்ஸ்பீக்கர், காதருகே கொண்டுபோனால் திரை அணையும் சென்சார் எல்லாம் அந்த ஒரே அழைப்பில் தெரிந்துவிடும். கேமராவும் டார்ச்சும் லாக் ஸ்கிரீனிலேயே திறக்கும். டச் பார்க்க அவசர அழைப்பின் எண் பலகை இருக்கிறது; எண்களைத் தொட்டுப் பார்த்து அழித்துவிடுங்கள், 112-க்கு அழைப்பு மட்டும் போய்விடக் கூடாது.

சாம்சங் போன்களில் 2022 முதல் மெயின்டனன்ஸ் மோட் வந்திருக்கிறது. வாடிக்கையாளர் அதைப் போட்டுக் கொடுத்தால் போன் ரீஸ்டார்ட் ஆகி, அவருடைய படங்களோ மெசேஜ்களோ அவர் போட்ட ஆப்களோ இல்லாத வெறும் போனாக நமக்குத் திறக்கும். வெளியே வர அவருடைய லாக் வேண்டும். பிக்ஸல் போன்களில் 2023 டிசம்பரில் ரிப்பேர் மோட் வந்தது. மற்ற மாடல்களிலும் இப்படி ஒன்று இருக்கிறதா என்று செட்டிங்ஸில் தேடிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. டிஸ்ப்ளே உடைந்து வரும் போனில் இதைப் போட முடியாதுதான். புது காம்போவை மாட்டி, ஒட்டுவதற்கு முன் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சாஃப்ட்வேர் கோளாறுக்கு லாக் தேவைப்படும். அதை மறுக்க முடியாது. அப்போதும் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் தற்காலிகமாக ஒரு எளிய பின்னை அவரே மாற்றிக் கொடுக்கட்டும். பேங்க் ஆப்களுக்குத் தனி பின் இருக்கிறதா என்று கேளுங்கள். போனைத் திருப்பித் தரும்போது பின்னை மாற்றச் சொல்வதோடு, ஃபிங்கர்பிரின்ட் பட்டியலையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பின் தெரிந்தவர் புது விரலைச் சேர்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

ஆன் ஆகாத போனில் கார்டை அழிக்க வழியில்லையே என்று வாடிக்கையாளர் பதறினால், ஆன்லைன் பயன்பாட்டை மட்டும் அணைத்துவைக்கலாம் என்று சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுப்படி நெட் பேங்கிங், ஏடிஎம், தொலைபேசி வழியாகவும் இதைச் செய்யும் வசதியை வங்கிகள் தர வேண்டும். போன் சரியானதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பணமே போய்விட்டது என்று வருபவரை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க விடாதீர்கள்: வங்கிக்கும் 1930-க்கும் உடனே அழைக்கச் சொல்லுங்கள். வங்கி மீதும் அவர் மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு அவருடையதல்ல என்பது 2017-இல் வந்த விதி. அவருடைய கவனக்குறைவால் போனது என்று முடிவானால், தெரிவிக்கும்வரை போன பணம் அவர் தலையில்தான். நாம் கேட்டு அவர் கொடுத்த பேட்டர்ன் அப்போது அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

பழைய போன் வாங்கி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. “ரீசெட் அடிச்சாச்சு, கார்டெல்லாம் போயிடுச்சு” என்று நாம் சொல்லி அனுப்புவது பாதிதான் சரி. ரீசெட் போனைத் துடைக்கிறது. ஷாப்பிங் கணக்கில் சேமித்த கார்டு அந்த நிறுவனத்திடம் அப்படியே இருக்கும். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் அதே கதைதான். எந்தெந்த நிறுவனத்தில் தன் கார்டுக்கு டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலை வாடிக்கையாளருக்குக் காட்டி, வேண்டாததை நீக்க வழிசெய்வது வங்கியின் கடமை. பேங்க் ஆப்பில் கார்டு பகுதிக்குள் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கிளையில் கேட்கலாம். எக்ஸ்சேஞ்சுக்கு வருபவர் கூகுள் கணக்கை நீக்கிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் இதையும் சொல்லிக் கொடுங்கள்.